மச்சு பிச்சு போகிறவருக்கு: ஒரு வடிகால் பொறியாளரின் பதில்

கேள்வி இதுதான். ஜூன் மாதம் கணவரோடும் 63 வயது அம்மாவோடும் பெரு நாட்டுக்குப் போகிறார் ஒரு வாசகி. பயணத்தின் முக்கிய ஊர் மச்சு பிச்சு. போவதற்கு முன் வரலாறு தெரிந்துகொள்வோம் என்று வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். ஒன்றில் அது தொலைந்துபோன நகரமாம். இன்னொன்றில் கன்னிப்பெண்கள் மட்டும் வாழ்ந்த கோயிலாம். மூன்றாவதில் வேற்றுக்கிரகவாசிகள் லேசர் வைத்துக் கல் அறுத்தார்களாம். "எதை நம்புவது? அங்கே போய் எதைப் பார்ப்பது? அம்மாவால் ஏற முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் வரலாற்று ஆசிரியர் இல்லை. மலைப்பகுதிகளில் தாங்குசுவர் கட்டுவதிலும் மழைநீர் வடிகால் போடுவதிலும் முப்பது வருடம் ஓட்டியவன். மச்சு பிச்சுவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஊர் பார்க்க, இரண்டாம் தடவை சாக்கடை பார்க்க. இதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த ஊரைப் பற்றி இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் பெரும்பகுதி ஒரு பழைய நிலப்பத்திரத்திலிருந்தும், புதைகுழி எலும்புகளிலிருந்தும், தண்ணீர் ஓடும் வழிகளிலிருந்தும்தான் கிடைத்திருக்கிறது. வீடியோக்காரர்கள் இந்த மூன்றையும் தொடுவதே இல்லை.

பத்திரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மச்சு பிச்சுவைக் கட்டிய இன்காக்களுக்கு, அதாவது ஸ்பானியர் வருவதற்கு முன் பெருவை ஆண்டவர்களுக்கு, எழுத்து கிடையாது. கணக்கு வழக்கையெல்லாம் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். கிபு என்று பெயர். ஆகவே அவர்களைப் பற்றிக் காகிதத்தில் இருப்பதெல்லாம் ஸ்பானியர் வந்தபிறகு எழுதியதுதான். அப்படி 1568-ஆம் ஆண்டைச் சேர்ந்த நில ஆவணம் ஒன்றில், பிச்சு என்ற இடத்தைச் சுற்றியுள்ள நிலங்கள் ஒரு காலத்தில் இன்கா யுபான்கி என்ற அரசருக்குச் சொந்தமாக இருந்தன என்று வருகிறது. இதை 1980களில் எடுத்துக்காட்டியவர் ஜான் ரோ என்ற தொல்லியலாளர். அந்த இன்கா யுபான்கிதான் பச்சகூட்டி. இன்காக்களின் ஒன்பதாவது அரசர். அதுவரை குஸ்கோ பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஆண்டுகொண்டிருந்த சிறிய கூட்டத்தைப் பேரரசாக்கியவர்.

அவர் கதை சினிமாவுக்குக் குறைந்ததல்ல. சான்கா என்ற பகைவர்கள் குஸ்கோவின் மேல் படையெடுத்து வர, கிழவர் ஆகிவிட்ட அப்பாவும் பட்டத்துக்குரிய அண்ணனும் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். இளையவர் நின்று ஜெயிக்கிறார். போர்க்களத்தில் கற்களே வீரர்களாக எழுந்து வந்து சண்டை போட்டன என்று இன்காக்கள் சொல்லிக்கொண்டார்கள். ஜெயித்தவர் அரியணை ஏறி, "உலகைப் புரட்டிப் போடுகிறவர்" என்ற பொருளில் பச்சகூட்டி என்று பெயர் வைத்துக்கொண்டார். பாடப்புத்தகங்கள் இதற்குப் போடும் ஆண்டு 1438. அந்த ஆண்டைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்று எலும்புகளிடம் வரும்போது சொல்கிறேன்.

ஆகவே மச்சு பிச்சு நகரமே இல்லை. பச்சகூட்டியின் பண்ணை அரண்மனை. அவர் தலைநகரமான குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை இரவுகளில் அங்கே உறைபனி விழும். மச்சு பிச்சு இருப்பதோ 2,430 மீட்டரில். ஆயிரம் மீட்டர் கீழே, கொஞ்சம் கதகதப்பான காட்டுப் பக்கம். குளிர்காலத்தில் ராஜா பரிவாரத்தோடு வந்து தங்கி, விருந்து வைத்து, வேட்டையாடி, பூசை செய்துவிட்டுத் திரும்பியிருப்பார். மிஞ்சிப்போனால் 750 பேர் தங்கக்கூடிய இடம். அவர் இல்லாத மாதங்களில் பராமரிப்பு ஆட்கள் மட்டும் இருந்திருப்பார்கள். கட்டடங்கள் மொத்தம் 200 போல இருக்கும்.

இது தெரிந்துபோனால் அங்கே நிற்கும்போது கண் வேறு மாதிரி வேலை செய்யும். "இத்தனை பேர் எங்கே மறைந்தார்கள்?" என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகும். முதலாளி போனதும் பூட்டப்பட்ட பெரிய வீடு அது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,950 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வது 1,400 சொச்சம்தான், அதற்கே நாம் படும் பாடு தெரியும். இங்கே அந்த மழை விழுவது மச்சு பிச்சு, வைனா பிச்சு என்ற இரண்டு சிகரங்களுக்கு நடுவில் குதிரைச் சேணம் போல வளைந்த ஒரு முகட்டில். இரண்டு பக்கமும் செங்குத்துச் சரிவு, கீழே உருபாம்பா ஆறு. அடியில் நிலப்பிளவுகள் வேறு ஓடுகின்றன. நிலநடுக்கப் பிரதேசம். இப்படி ஒரு மனையைக் காட்டி யாராவது பிளான் கேட்டிருந்தால், வேண்டாம் ஐயா, வேறு இடம் பாருங்கள் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

அவர்கள் கட்டினார்கள். அறுநூறு வருடமாக அது வழுக்கி விழவில்லை. காரணம் முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளர், ஆல்ஃப்ரெடோ வலென்சியா என்ற பெரு நாட்டுத் தொல்லியலாளரோடு சேர்ந்து 1990களில் இதை வருடக்கணக்கில் அளந்து பார்த்தார். கட்டுமான வேலையில் ஏறக்குறைய 60 சதவீதம் தரைக்குக் கீழே நடந்தது என்பது அவர் மதிப்பீடு.

படத்தில் பச்சைப் படிக்கட்டு மாதிரி தெரிகிறதே, அந்த அடுக்கு வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதைப் பார்த்து "அடேயப்பா, எவ்வளவு விவசாயம்!" என்பார்கள். உள்ளே வெட்டிப் பார்த்தால் மேலே நல்ல மண், அதற்குக் கீழே மணலும் பொடிச் சரளையும், அதற்கும் கீழே பெரிய கற்கள். முன்னால் தாங்குசுவர், மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். இன்றைக்கு நாங்கள் தாங்குசுவருக்குப் பின்னால் சல்லி கொட்டி, சுவரில் தண்ணீர் வடிய வீப் ஹோல் என்ற துளை விடுகிறோமே, அதே சூத்திரம். மழைத் தண்ணீர் மண்ணோடு சேர்ந்து சேறாகிச் சுவரைத் தள்ளுவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். மக்காச்சோளமும் விளைந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது காணாது. சாப்பாட்டில் பெரும்பங்கு வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த அடுக்குகளின் முதல் வேலை மலையைப் பிடித்து நிறுத்துவது.

ஊர் நடுவே புல்வெளியாக ஒரு பெரிய மைதானம் இருக்கும். லாமாக்கள் மேயும். எல்லோரும் லாமாவைப் படமெடுப்பார்கள். அந்தப் புல்லுக்கு அடியில், கல் செதுக்கும்போது உதிர்ந்த சில்லுகளைக் கொட்டி ஆழமாக நிரப்பியிருக்கிறார்கள். கழிவைச் சுமந்து கொண்டுபோய்க் கீழே வீசாமல் அதையே வடிகட்டி ஆக்கிவிட்டார்கள். நானும் எத்தனையோ சைட்டில் கட்டட இடிபாட்டை லாரி வைத்து வெளியே அனுப்பியிருக்கிறேன். அங்கே நின்று அதை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சுவர்களின் அடியில், நடைபாதை ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமான துளைகள் தெரியும். அவை வடிகால் வாய்கள். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. முதல் தடவை எனக்கு இவை கண்ணிலேயே படவில்லை. இரண்டாம் தடவை போனபோது காலையில் லேசான மழை. மற்றவர்கள் பொன்சோ கோட்டை மாட்டிக்கொண்டு சலித்துக்கொள்ள, நான் ஒரு துளை முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் கழித்துத் துளையின் கீழ் உதட்டில் ஈரம் கசிந்தது. பிறகு சொட்டு. பிறகு விரல் பருமனுக்கு ஒரு நீர்க்கொடி, கலங்கல் இல்லாமல், கண்ணாடி மாதிரி. தண்ணீர் தெளிவாக வந்தது என்றால் உள்ளே மண் அரிக்கப்படவில்லை என்று பொருள். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. வழிகாட்டிப் பையன் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று ஓடிவந்து பார்த்தான்.

இது வெளியேற்றும் தண்ணீர். குடிக்கும் தண்ணீர் தனி. மச்சு பிச்சு மலையின் வடக்குச் சரிவில் ஓர் ஊற்று இருக்கிறது. அதன் பின்னால் கல் அடுக்கி, கசிவு நீரைச் சேகரித்து, 749 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் வாய்க்காலில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வாய்க்காலின் சரிவு அதிகமானால் தண்ணீர் துள்ளி வெளியே சிந்தும். குறைந்தால் வண்டல் படியும். ரசமட்டம் கிடையாது, கோணம் அளக்கும் தியோடலைட் கிடையாது. இருந்தும் வாய்க்கால் இன்றைக்கும் ஓடுகிறது. மழையைப் பொறுத்து நிமிடத்துக்கு 23 லிட்டரிலிருந்து 125 லிட்டர் வரை ஊற்றில் வரும் என்று ரைட் அளந்திருக்கிறார். ஊருக்குள் வந்ததும் அது ஒன்றன்கீழ் ஒன்றாக 16 தொட்டிகளில் விழுந்து இறங்குகிறது. முதல் தொட்டி யார் வீட்டு வாசலில் என்று நினைக்கிறீர்கள்? அரசருடைய இருப்பிடத்துப் பக்கத்தில். யாரும் கை வைக்காத தண்ணீர் முதலில் அவருக்கு. மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான். அதிகாரம் எங்கே இருந்தது என்பதைத் தண்ணீர் இறங்கும் வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கல் வேலை பற்றிக் கேட்டீர்கள். லேசரும் இல்லை, கல்லை இளக்கும் மூலிகைச் சாறும் இல்லை. இந்த மூலிகைக் கதையைப் பெருவிலேயே ரொம்ப சீரியஸாகச் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு நகருங்கள். ஜான் பியர் புரோட்ஸன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் 1980களில் இன்காக்களின் கல் குவாரிகளுக்கே போய், அங்கே கிடந்த கடினமான ஆற்றுக் கூழாங்கற்களை எடுத்துத் தானே ஒரு கல்லைக் கொத்திப் பார்த்தார். பெரிய கல்லால் தட்டி உருவம் கொண்டுவந்து, சின்னக் கல்லால் விளிம்பைச் சீர்செய்தால் போதும், வேலை அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. பக்கவாட்டில் வெயில் விழும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லின் நடுவில் பெரிய குழிகள், இரண்டு கல் சேரும் ஓரத்தில் பொடிக் குழிகள். வீட்டில் அம்மி கொத்துகிறவர் வந்து போனதும் அம்மியின் முகம் இருக்குமே, அதேதான். உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள், அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தொட வேண்டாம், கையை எடுக்கச் சொல்லி விசில் வரும்.

சாந்து இல்லாமல், கத்தி நுழையாமல் பொருந்திய சுவர் என்று எல்லோரும் சொல்வது உண்மை. ஆனால் எல்லாச் சுவரும் அப்படி இல்லை. சூரியன் கோயில், மூன்று சன்னல் கோயில், அரசர் வீடு ஆகியவற்றுக்குத்தான் அந்த நுணுக்கம். வேலைக்காரர் வீடுகளில் ஒழுங்கில்லாத கல்லும் மண் சாந்தும்தான். கல்லைப் பார்த்தே யார் வீடு என்று சொல்லிவிடலாம். மேலே குறுகிக் கீழே அகலும் வாசல்கள், உள்பக்கம் சாயும் சுவர்கள் எல்லாம் நிலநடுக்கத்துக்குத் தாங்கும்.

இரும்பு இல்லை, சக்கரம் இல்லை, பாரம் இழுக்க மாடு இல்லை. பணம் என்ற ஒன்றே இல்லை. அப்படியானால் யார் செய்தார்கள் இந்த வேலையை? மீத்தா என்ற முறை. ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து அரசுக்கு உழைப்பாக வரி கட்ட வேண்டும். வருகிறவர்களுக்குச் சோறும் மக்காச்சோளக் கள்ளும் அரசு கொடுக்கும். அந்தக் கள்ளுக்குச் சிச்சா என்று பெயர்; இன்றும் கிடைக்கிறது, வாசலில் சிவப்புத் துணியோ பையோ கட்டிய கோல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் சிச்சா உண்டு.

எலும்புக்கு வருகிறேன். கன்னிப்பெண்கள் கதை இங்கேதான் பிறந்தது. 1912-ல் அமெரிக்கக் குழு தோண்டியபோது 170 பேர் வாக்கில் எலும்புகள் கிடைத்தன. அதை ஆராய்ந்த ஜார்ஜ் ஈட்டன், பெரும்பாலும் பெண்கள் என்று எழுதிவிட்டார். சின்ன உருவம், மெல்லிய எலும்பு, ஆகவே பெண் என்று அவர் நினைத்ததுதான் காரணம். ஆண்டிஸ் மலை ஆண்களே சிறிய உருவம் என்பது கணக்கில் வரவில்லை. உடனே "சூரியனுக்கு நேர்ந்துவிட்ட கன்னிகள்" என்று ஊரெல்லாம் பேச்சு. பல பத்தாண்டுகள் கழித்து ஜான் வெரானோ என்ற உடல்மானிடவியலாளர் அதே எலும்புகளை மறுபடி பார்த்தார். ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமம். குழந்தைகளும் உண்டு. கன்னிகள் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, நீங்கள் பார்த்த வீடியோவே சாட்சி.

2021-ல் ரிச்சர்ட் பர்கர் என்ற தொல்லியலாளரின் குழு இந்த எலும்புகளையும் பற்களையும் கார்பன் முறையில் காலம் கணித்தது. 1420 வாக்கிலேயே அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள், 1530 வரை இருந்திருக்கிறார்கள். 1438-ல் பட்டத்துக்கு வந்தவர் 1420-ல் எப்படி அரண்மனை கட்டுவார்? அதனால்தான் அந்த ஆண்டை நம்ப வேண்டாம் என்றேன். அது ஸ்பானியர் காலத்து எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. 2023-ல் 34 பேரின் மரபணுவைப் படித்தார்கள். அது இன்னும் சுவாரஸ்யம். கடலோரம், மலை, அமேசான் காட்டுப் பக்கம் என்று பேரரசின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஒருவருக்கொருவர் உறவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு தாயும் மகளும் தவிர. அரச குடும்பத்தார் இல்லை. அரண்மனையைப் பார்த்துக்கொண்ட பணியாளர்கள், கைவினைஞர்கள். நாடெங்கும் இருந்து ராஜாவின் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். அரச குடும்பத்தார் இறந்தால் உடல் குஸ்கோவுக்குப் போய்விடும்.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? இன்கா வழக்கம் ஒன்று இதற்குச் சாவி. அரசர் இறந்தால் சொத்து அடுத்த அரசருக்குப் போகாது. இறந்தவருடைய பதப்படுத்திய உடலின் பெயரிலேயே இருக்கும். அவர் வாரிசுக் கூட்டம் அதைப் பராமரிக்கும். அந்த உடலுக்குப் படையல் உண்டு, ஊர்வலம் உண்டு, நிலமும் ஆட்களும் உண்டு. ஆக மச்சு பிச்சு, பச்சகூட்டி செத்தபிறகும் அவருடையதுதான். 1527 வாக்கில் பேரரசர் வைனா கபாக் கொள்ளைநோயில் இறந்தார், அவர் மகன்கள் அத்தஹுவால்பாவும் ஹுவாஸ்கரும் அடித்துக்கொண்டார்கள், 1532 நவம்பர் 16 அன்று காஹாமார்க்கா என்ற ஊரில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ அத்தஹுவால்பாவைப் பிடித்தார், அடுத்த வருடம் கொன்றார். அந்தக் குழப்பத்தில் மீத்தா முறை குலைந்தது. ஆள் வரவில்லை, சோளம் வரவில்லை. முறை வைத்து வந்தவர்கள் இல்லாமல் அந்த வீடு ஓடாது. 1559-ல் போலோ தே ஒன்டெகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி அரசர்களின் பதப்படுத்திய உடல்களைத் தேடிப்பிடித்து லிமாவுக்கு அனுப்பிவிட்டார். பச்சகூட்டியின் உடலும் அதில் ஒன்று. வீட்டுக்காரர் முழுமையாகப் போய்விட்டார்.

"தொலைந்த நகரம்" என்ற பட்டம் ஹைரம் பிங்காம் கொடுத்தது. யேல் பல்கலைக்கழகத்தில் தென் அமெரிக்க வரலாறு நடத்தியவர். 1911 ஜூலை 24, தூறல் போட்ட ஒரு காலை. கீழே பள்ளத்தாக்கில் குடியிருந்த மெல்சோர் ஆர்த்தியாகா என்ற விவசாயி, மேலே இடிபாடு இருக்கிறது என்று சொல்லி, ஒரு சோல் (பெரு நாட்டு நாணயம்) கூலிக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டார். ஆற்றின் மேல் கட்டியிருந்த மரத்துண்டுப் பாலத்தைப் பிங்காம் தவழ்ந்து கடந்தார். மேலே போனால் அங்கே ரிச்சார்த்தே, ஆல்வாரெஸ் என்று இரண்டு குடும்பங்கள் இன்கா அடுக்குகளிலேயே பயிர் வைத்துக் குடியிருக்கின்றன! சர்க்கரைவள்ளிக் கிழங்கும் குளிர்ந்த நீரும் கொடுத்து உபசரித்து, மீதித் தூரத்துக்கு ஒரு சின்னப் பையனைத் துணைக்கு அனுப்பினார்கள். "கண்டுபிடிப்பு" நடந்த லட்சணம் இது. போதாக்குறைக்கு, கோயில் சுவரில் "லிசாராகா 1902" என்று கரியில் எழுதியிருந்தது. அகுஸ்தீன் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் ஒன்பது வருடம் முன்பே வந்து பெயர் எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்காமே அதைத் தன் குறிப்பேட்டில் குறித்துவைத்தார், பிற்காலத்தில் எழுதியபோது அடக்கி வாசித்துவிட்டார்.

அவர் உண்மையில் தேடியது வில்கபாம்பாவை. 1536-ல் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த மான்கோ இன்கா பின்வாங்கிப் போய் அமைத்த கடைசித் தலைநகரம். 1572-ல் கடைசி இன்கா அரசர் துப்பாக் அமாரு பிடிபட்டுக் கொல்லப்படும் வரை அது நின்றது. மச்சு பிச்சுதான் அது என்று பிங்காம் சாகும்வரை நம்பினார். வேடிக்கை என்னவென்றால், உண்மையான வில்கபாம்பா இருக்கும் எஸ்பிரித்து பம்பா என்ற காட்டுப் பகுதிக்கும் அவர் அதே 1911-ல் போயிருந்தார். கொஞ்சம் சுவர்களைப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று திரும்பிவிட்டார். 1964-ல் ஜீன் சவாய் என்ற அமெரிக்கப் பயணிதான் அங்கே பெரிய நகரம் புதைந்திருப்பதைக் காட்டினார்.

ஆனால் பிங்காமை வெறும் பொய்யர் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. அளந்தார், வரைபடம் போட்டார், ஆயிரக்கணக்கில் படமெடுத்தார். 1913 ஏப்ரலில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் முழுவதும் அதற்கே ஒதுக்கப்பட்டது. உலகத்துக்குத் தெரியவைத்தவர் அவர்தான். தோண்டி எடுத்த பொருள்களை யேலுக்குக் கொண்டுபோனார். பெரு கேட்டது, இழுபறி நூறு வருடம் போனது. 2010-ல் உடன்பாடு வந்து, 2011, 2012-ல் திரும்பி வந்தன. இப்போது குஸ்கோவில் காசா கொன்சா என்ற பழைய மாளிகையில் இருக்கின்றன. மச்சு பிச்சு போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை. நீங்கள் போங்கள். மலைக்குப் போய்வந்த பிறகு போங்கள். முன்னால் போனால் வெறும் பானை ஓடாகத் தெரியும்.

மச்சு பிச்சுவில் பலகையில் இருக்கும் பெயர்களும் பெரும்பாலும் பிங்காம் காலத்தவை. "மூன்று சன்னல் கோயில்" அவர் வைத்தது. ஆகவே வழிகாட்டி "இது சிறைச்சாலை" என்றால், அது ஒருவர் நூறு வருடம் முன்பு ஊகித்த பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நிச்சயமான ஒன்று சூரியன் கோயில். வளைந்த சுவருக்குள் ஒரு பாறை, சுவரில் சன்னல். ஜூன் 21 வாக்கில், சூரியன் திசை திரும்பும் சமயம், விடியற்காலை வெயில் அந்தச் சன்னல் வழியாகப் பாறையின் வெட்டுக்கு நேராக வந்து விழும். நீங்கள் போகிற மாதமே அதுதான். ஜூன் 24 குஸ்கோவில் இன்தி ராய்மி என்ற சூரியத் திருவிழாவும் உண்டு; கூட்டம் நெரியும், அறை வாடகை எகிறும். இன்னொன்று இன்திவாதானா என்ற செதுக்கிய கல். 2000-ஆம் ஆண்டு ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் சரிந்து அதன் ஓரம் உடைந்துபோனது. ஸ்பானியர் கைபடாமல் தப்பிய கல், பீருக்குப் பலியானது.

இனி அம்மா. நல்ல சேதி: மச்சு பிச்சு உயரத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. அதாவது மச்சு பிச்சு தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. சிக்கல் குஸ்கோ. விமானம் 3,400 மீட்டரில் கொண்டுபோய் இறக்கும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரலாம். உள்ளூரில் சொரோச்சே என்பார்கள். அதனால் இறங்கிய அன்றே காரெடுத்துக் கீழே 2,800 மீட்டர் அளவில் இருக்கும் ஒயாந்தாய்தாம்போவுக்குப் போய் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து ரயிலில் மச்சு பிச்சு. குஸ்கோவைக் கடைசியில் வையுங்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கோக்கா இலைத் தேநீர் எல்லா ஓட்டலிலும் கொடுப்பார்கள், குடிக்கலாம். ஆனால் நினைவுக்கு இருக்கட்டும் என்று ஒரு பாக்கெட் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். கோக்கா இலை இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

ஒயாந்தாய்தாம்போவை வெறும் ரயில் நிலையமாக நினைக்காதீர்கள். இன்கா போட்ட தெருக்களில் இன்னமும் ஜனங்கள் குடியிருக்கும் ஊர். வாசல் முன்னால் வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடும். மச்சு பிச்சுவில் இல்லாதது, அதாவது குடித்தனம், இங்கே இருக்கிறது. சந்தையில் உருளைக்கிழங்கைப் பாருங்கள்: கறுப்பு, ஊதா, முடிச்சு முடிச்சாக. நம் வீட்டுப் பொரியலுக்கு வரும் கிழங்கின் பூர்வீகம் இந்த மலைதான்.

ரயில் ஒன்றரை, ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் அகுவாஸ் காலியந்தெஸ் என்ற அடிவார ஊரில் விடும். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பஸ், அரைமணிக்கும் குறைவு. நான்கு நாள் இன்கா நடைபாதை உங்களுக்கு வேண்டாம். அதில் 4,215 மீட்டர் கணவாய் ஒன்று ஏற வேண்டும்.

நுழைவுச்சீட்டில்தான் நான் ஏமாந்தேன், என் அவசரத்தால். 2024 முதல் ஊரை மூன்று சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. இரண்டாம் முறை போனபோது கிடைத்தது போதும் என்று முதல் சுற்றுச் சீட்டை எடுத்துவிட்டேன். அது மேலிருந்து படமெடுக்கத்தான். தொட்டிகளை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. சாக்கடை பார்க்கப் போனவன் கதி! மறுநாளுக்கு அடிவார ஊரில் விடிய வரிசையில் நின்று இன்னொரு சீட்டு வாங்கினேன். அந்த மழைக்காலை அதனால்தான் வாய்த்தது. நீங்கள் இரண்டாம் சுற்றைக் கேளுங்கள். மேலிருந்து தெரியும் காட்சியும் உண்டு, ஊருக்குள்ளும் போகலாம். மூன்றாவது சுற்று கீழ்ப்பகுதி, ஏற்றம் குறைவு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அது. ஜூன் என்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே கலாசார அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாதை ஒருவழி, தாண்டிவிட்டால் திரும்ப முடியாது.

உள்ளே கழிப்பறை கிடையாது, நுழைவாயிலுக்கு வெளியேதான். பெரிய பை, குடை, செல்ஃபி ஸ்டிக், ட்ரோன் கூடாது. ஊன்றுகோல் என்றால் முனையில் ரப்பர் வேண்டும். பாஸ்போர்ட் அசல் கையில் இருக்க வேண்டும், சீட்டில் உள்ள பெயரோடு ஒப்பிடுவார்கள். படிகளுக்குக் கைப்பிடி இல்லை. ஒரு படி அரை அடி, அடுத்தது முக்கால் அடி. அம்மாவுக்குப் பிடிப்புள்ள காலணி வாங்கிப் பழக்கிவிடுங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் பெருவுக்கு விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் விசா ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் அவசரப்பட்டு மேலிருந்து தெரியும் அந்த அஞ்சல் அட்டைப் படத்தை எடுங்கள், தப்பில்லை, எல்லோரும் எடுப்பதுதான். பிறகு சூரியன் கோயில் பக்கம் இறங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். இடது காதோ வலது காதோ, ஏதோ ஒன்றில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். தொட்டிகள் அங்கே இருக்கின்றன. கல்லில் ஒரு கூரான மூக்கு வெட்டியிருப்பார்கள். தண்ணீர் சுவரோடு ஒட்டி வழியாமல் விலகி, சின்னக் கயிறு போலக் கீழே விழும். குறுகிய கழுத்துள்ள இன்காக் குடத்தைச் சிந்தாமல் நிரப்ப வேண்டுமல்லவா, அதற்கு. அம்மாவைக் கொஞ்ச நேரம் அங்கே உட்காரச் சொல்லுங்கள். தெருக்குழாயில் குடம் பிடித்து வளர்ந்த தலைமுறை, நான் சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியம் இருக்காது. கையை மட்டும் நீட்ட வேண்டாம். நான் நீட்டினேன், விசில் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.